செலுத்திய ஸ்டெம் செல்லை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

சிகிச்சைக்காகச் செலுத்தும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) பற்றி டர்பன் பக்கத்துத் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கு, எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வர்த் அக்கா: உடம்புக்குள் போன செல்லை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடையாளம் வைக்காமல் முடியாது அக்கா. மற்ற செல்களோடு கலந்தபின் எம்.ஆர்.ஐ.க்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் ஆய்வகத்திலேயே செல்களை இரும்பு ஆக்சைடு நானோ துகள்களோடு ஊற வைக்கிறார்கள். செல் துகளை விழுங்கிக்கொள்ளும். அந்த இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால் படத்தில் அந்த இடம் கறுத்து, உண்மை அளவைவிடப் பெரிதாகவே தெரியும்.

பீனிக்ஸ் மாணவர்: மனிதர்களிடம் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள் தம்பி. 2005இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்கு டென்ட்ரிடிக் செல்களை இப்படிச் செலுத்தினார்கள். அவை ஸ்டெம் செல் அல்ல, நோய் எதிர்ப்புச் செல்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டேதான் நிணநீர்க் கணுவில் ஊசி போட்டார்கள். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தால், 8 பேரில் 4 பேருக்கு ஊசி இடம் தவறியிருந்தது! ஸ்கேன் இல்லையென்றால் சிகிச்சையே பலிக்கவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். இந்த முறையின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

டோங்காட் அண்ணன்: கறுப்பு தெரிந்தால் செல் உயிரோடு இருக்கிறது, சரிதானே?

இல்லை அண்ணா, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படம் காட்டுவது இரும்பை, செல்லை அல்ல. செல் செத்தாலும் இரும்பு அங்கேயே கிடக்கும். குப்பை அள்ளும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கினாலும் கறுப்பு மாறாது. நன்றாகப் பெருகும் செல்லிலோ, ஒவ்வொரு பிரிவிலும் இரும்பு பங்காகிக் கறுப்பு மங்கிவிடும். பழைய ரத்தக்கசிவும் இதேபோலக் கறுப்பாகத்தான் தெரியும்.

அதே அண்ணன்: தங்கத் துகள் வைத்தால்?

அது சி.டி. ஸ்கேனுக்கு, அதாவது எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் ஸ்கேனுக்கு. அங்கே ஒரு செல்லுக்குள் இன்னும் நிறையத் துகள் ஏற்ற வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கை: ஒரு கிளினிக்கில் அம்மா முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டு, வேலை செய்வதை ஸ்கேனில் காட்டுகிறோம் என்கிறார்கள். பணம் கட்டலாமா?

கட்டாதே அம்மா. கறுப்புப் புள்ளி குருத்தெலும்பு வளர்ந்ததற்குச் சாட்சி ஆகாது. செல்லில் ஏற்றும் இரும்புத் துகளாக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஃபெருமாக்ஸிடால், அமெரிக்காவில் 2009இல் ரத்தசோகைக்காக அனுமதி பெற்ற மருந்து; கடும் ஒவ்வாமை பற்றி 2015இல் அதன்மேல் உச்ச எச்சரிக்கை போட்டார்கள். இது மருத்துவ ஆய்வு என்று சொன்னால், சாப்ரா (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம்) அனுமதியையும் நெறிமுறைக் குழு ஒப்புதலையும் எழுத்தில் கேள். காட்டத் தயங்கினால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இரும்பு ஏற்றிய செல்லை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால், அடுத்த முறை முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது முதலிலேயே சொல்லிவிடு. அந்த இரும்பு படத்தை மறைக்கும்.