பழைய மடிக்கணினியில் இணைப்பு அறுந்தால்: கேள்வி பதில்

பெங்களூரில் நம் வீடுகளில் ஒரு மடிக்கணினி எளிதில் ஓய்வு பெறுவதில்லை. மூத்த மகள் கல்லூரிக்கென்று வாங்கியது தம்பியிடம் போய், அங்கிருந்து தாத்தாவின் மேசைக்கு வந்து சேர்கிறது. இணையம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அது பரணில் ஏறும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுப் பக்கம் பல ஆண்டுகள் பழுதுபார்ப்பு வேலை செய்தவன் நான். அப்படிப் பரணிலிருந்து இறங்கி வந்த பலவற்றை ஒரு மணி நேரத்துக்குள் உயிர்ப்பித்திருக்கிறேன்.

அனைவருக்கும் பொதுவாக ஒன்று. வைஃபை வரவில்லை என்றால் கேபிளையும், கேபிளில் வரவில்லை என்றால் வைஃபையையும் ஒருமுறை சோதித்துவிட்டு எனக்குக் கேள்வி எழுதுங்கள். ஒன்று மட்டும் வராவிட்டால் அதற்குரிய பாகத்திலோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ தேடலாம். இரண்டும் வராவிட்டால் ரூட்டரிலோ கணினியின் அமைப்புகளிலோ தேட வேண்டும்.

கேள்வி: ஐயா, புதிய ரூட்டர் பொருத்திய நாளிலிருந்து என் மகனின் கைப்பேசியில் எங்கள் வைஃபை பெயர் தெரிகிறது, என் பழைய மடிக்கணினியில் தெரியவே இல்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்சூர்)

பதில்: அம்மா, உங்கள் கணினியில் கோளாறு இல்லாமலே இப்படி நேரலாம். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் வைஃபை அட்டைக்கு 2.4 மட்டுமே தெரியும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 அணைக்கப்பட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லி, அதற்குத் தனிப் பெயர் கொடுத்து, சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். 12, 13 ஆகியவை நம் நாட்டில் செல்லுபடியாகும் என்றாலும், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கணினிகள் சில அவற்றைக் காண்பதில்லை. பெயர் தெரிந்தும் கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கக்கூடும். அது 2018இல் வந்தது என்பதால் உங்கள் கணினி அதை அறியாமல் இருக்கலாம். டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: வைஃபை குறியே திரையில் இல்லை. (ஜீவன்பீமா நகர்)

பதில்: கணினியின் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ வைஃபையை அணைத்துப் போடும் ஒரு சிறு தள்ளு சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பையில் வைத்து எடுக்கும்போது அது நகர்ந்துவிடும்.

கேள்வி: அண்ணா, கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. (ஸ்ரீராமபுரம்)

பதில்: தம்பி, நீங்கள் அந்த எண்ணைக் கவனித்துக் குறிப்பிட்டதால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஐபி முகவரி என்பது வலையமைப்பில் கணினியின் அடையாள எண். அதைக் கேட்ட கணினிக்கு ரூட்டரிடமிருந்து பதில் வராதபோது, அது தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் முகவரிதான் 169.254. விளக்கு எரிவது எதிர்முனையில் ஏதோ ஒரு கருவி இருப்பதை மட்டுமே சொல்கிறது. முதலில் ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகு அதே கேபிளை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் இதே எண் வந்தால் கேபிளையோ ரூட்டரின் அந்தத் துளையையோ மாற்ற வேண்டும். அங்கே சரியாக வந்தால், உங்கள் கணினியில் எப்போதோ நிறுவி முழுமையாக நீக்கப்படாத வைரஸ் தடுப்பு மென்பொருளின் மிச்சம் வழியை மறிக்கக்கூடும். அதை நீக்கியபின், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ட்) திறந்து நெட்ஷ் வின்சாக் ரீசெட் (netsh winsock reset) என்ற கட்டளையைக் கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

ரூட்டர் இல்லாமல், இணைய இணைப்புத் தரும் கேபிள்காரரின் ஒயரை நேராகக் கணினியில் செருகியிருந்தால் கதை வேறு. இங்குள்ள சில பகுதிகளில் அவர்கள் முன்பு இணைந்திருந்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வலையமைப்புப் பாகத்துக்குரிய அடையாள எண்ணை, பதிந்து வைத்து, அதற்கு மட்டுமே இணைப்புத் தருவார்கள். இன்னும் சிலர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ முறையில் உள்நுழையச் சொல்வார்கள். இரண்டில் எது என்பதை அவரிடமே கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகத் திட்டம் எடுத்தும் கேபிளில் 94ஐத் தாண்டவில்லை. (பி.ஜி. விடுதி, எலெக்ட்ரானிக் சிட்டி)

பதில்: 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: இணைப்பு 100 எம்பிபிஎஸ் நிலையில் நிற்கிறது. கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள் உண்டு. 100க்கு இரண்டு இணைகள் போதும், 1000க்கு நான்கும் வேண்டும். நீல இணையிலோ பழுப்பு இணையிலோ ஒரு கம்பி அறுந்தாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஆகவே முதலில் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் அதே எண் வந்தால் உங்கள் கணினியின் போர்ட்டோ எதிர்முனையின் போர்ட்டோ 100க்கு உரியதாக இருக்கலாம். கணினியுடையது என்றால், யுஎஸ்பி வழி இணையும் கிகாபிட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். யுஎஸ்பி 2.0 துளையின் வரம்பு 480 எம்பிபிஎஸ் என்பதால், உங்கள் திட்டத்துக்கு அதுவே போதும்.

கேள்வி: எட்டு மாதம் பரணில் இருந்த கணினியை மகளின் படிப்புக்காக எடுத்தோம். வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றே வருகிறது. (சிவாஜிநகர்)

பதில்: திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னால் இருக்கும் என்று நினைக்கிறேன். இக்காலத் தளங்கள் ஒவ்வொன்றும் தொடக்க நாளும் முடிவு நாளும் உள்ள ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி கருதி, கதவை மூடிவிடுகிறது. தேதியைத் திருத்துங்கள். அணைத்துப் போட்டதும் மறுபடி பின்னால் போனால், தாய்ப்பலகையில் உள்ள சிறு பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032 வகை. சில மாதிரிகளில் ஒயர் பொருத்திய மின்கலம் இருக்கும் என்பதால், பழையதைக் கையில் எடுத்துச் சென்று வாங்குங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், அந்த இயங்குதளத்தின் வேர்ச் சான்றிதழ்கள், அதாவது தளங்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க அது நம்பும் அடிப்படைச் சான்றிதழ்கள், காலாவதியாகியிருக்கலாம். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பழைய கணினிகள் நம்பியிருந்த ஒரு வேர்ச் சான்றிதழ் 30 செப்டம்பர் 2021 அன்று முடிந்தது. அன்று முதல் பழைய கணினிகள் பலவற்றில் ஆயிரக்கணக்கான தளங்கள் திறக்காமற்போயின. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவும் 14 ஜனவரி 2020 அன்றே நின்றுவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுங்கள். பிள்ளையின் படிப்புக்கு அது தாராளமாகப் போதும்.

கேள்வி: திரையை அசைத்தால் வைஃபை போய்விடுகிறது. (மர்பி டவுன்)

பதில்: வைஃபை ஆன்டெனா ஒயர்கள் கீல் வழியாக ஏறித் திரையின் மேற்புறம் வரை போகின்றன. ஆண்டுக்கணக்கில் திறந்து மூடியதில் ஒன்று நைந்திருக்கும். பிரிக்க மனமில்லை என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குங்கள். உள்ளிருக்கும் அட்டையை மாற்றச் சொல்லி யாராவது பரிந்துரைத்தால், வேறு அட்டையை உங்கள் மாதிரியின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். ஏற்காத மாதிரிகள் உண்டு.

கேள்வி: ஏப்ரல் மாத இடிமழைக்கு மறுநாள் முதல் கேபிள் போர்ட் செத்துவிட்டது. வைஃபை வேலை செய்கிறது. (ராமமூர்த்தி நகர்)

பதில்: மரத்துக்கு மரம் தாவிவரும் செப்புக் கேபிள் வழியே மின்னலின் அதிர்ச்சி உள்ளே வந்து, போர்ட்டின் சில்லை எரித்திருக்கும். அதற்காகத் தாய்ப்பலகையை மாற்றாதீர்கள். யுஎஸ்பி அடாப்டர் போதும். கேபிள்காரரிடம் வீடு வரை ஃபைபர் கேளுங்கள், ஏனெனில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரூட்டரின் மின்னிணைப்பு வழியாக அதிர்ச்சி வர வாய்ப்பு இருப்பதால், இடி கேட்டவுடன் அந்தப் பிளக்கையும் கணினியில் உள்ள கேபிளையும் உருவிவிடுங்கள்.