எந்தப் பிளேயர் வாங்கலாம்? கோபி டேப்ரெக்கார்டர்காரரிடம் கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையத்தில் டேப்ரெக்கார்டர் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். கேசட் ஒழிந்த பிறகும் கடை ஒழியவில்லை. பிளேயர், ஹெட்போன் என்று ஏதாவது மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பாட்டைக் கேட்கப்போவது யார், எங்கே, எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். விலையும் ஜிபியும் அதற்குப் பிறகு.

கேள்வி (ஈரோடு): நல்ல எம்பி3 பிளேயர் ஒன்று சொல்லுங்கள் அண்ணா.

பதில்: மேலே நான்கு வரி எழுதியிருக்கிறேனே. யாருக்கு?

கேள்வி (திருச்செங்கோடு): ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறேன். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் ஊர் திரும்ப ஆறு மாதமாகும். பல இடங்களில் சிக்னல் இல்லை. போன் சார்ஜ் வீட்டுக்குப் பேசுவதற்கே சரியாகப் போகிறது. 3,000 ரூபாய்க்குள் ஏதாவது கிடைக்குமா?

பதில்: இவருக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. தம்பி, உங்களுக்குத் தொடுதிரை வேண்டாம். கிரீஸும் மண்ணும் படிந்த விரலுக்கு அமுக்குகிற பட்டன்தான் சரி. சட்டைப்பையில் கைவிட்டுப் பார்க்காமலே பாட்டை மாற்றலாம். மெமரி கார்டு போடும் வசதி, வயர் இயர்போன் துளை, எஃப்எம் மூன்றும் இருக்கட்டும். எஃப்எம் கேட்க வயர் இயர்போன் அவசியம், அந்த வயர்தான் ஆன்டெனா. வைஃபை, ஆண்ட்ராய்டு என்று எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

32 ஜிபி கார்டு போதும். 320 தரத்தில் (வினாடிக்கு 320 கிலோபிட்) பதிந்த எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 எம்பி பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு என்றால் 3,000 பாட்டுகள் கொள்ளும், மொத்தம் 200 மணி நேரம். மலிவான பிளேயர்கள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காமல் முழிக்கும், ஆகவே பெரியதற்கு ஆசைப்பட வேண்டாம். சந்தா கட்டும் செயலியில் இறக்கி வைத்த பாட்டுகளையும் நம்பாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொடவில்லை என்றால் அவை பாடாது. சொந்தமாகக் கோப்பாக வைத்திருப்பதுதான் காட்டுக்குள் பாடும்.

இனி என் வழக்கமான எச்சரிக்கை. போலி கார்டு. உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். 128 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்து விற்பார்கள். ஏற்றும்போது எல்லாம் ஏறியதுபோலவே காட்டும். கொள்ளளவு தாண்டியதும் பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, பாதியில் கரகரவென்று நிற்கும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் நிரப்பிச் சோதித்துவிட்டுத்தான் பாட்டு ஏற்ற வேண்டும்.

கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் காதில் மாட்டாதீர்கள். கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

கேள்வி (பல்லடம்): தறிக்குடோனில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். போனில் பாட்டு வைத்தால் தறிச் சத்தத்தில் கேட்கவே மாட்டேன் என்கிறது. நல்ல சத்தமாகப் பாடும் பிளேயர் எது?

பதில்: சொல்ல மாட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்துதான். விசைத்தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அந்தச் சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் அதைவிடப் பெரிய சத்தத்தைச் செலுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நீங்கள் ஒரு நாளிலேயே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறீர்கள். பிளேயர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் காதை மூடும் ஃபோம் அடைப்பான் வாங்குங்கள். பாட்டை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வயதான தறிக்காரர்கள் எத்தனை பேர் "என்ன?" "என்ன?" என்று கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (தாராபுரம்): அப்புச்சிக்கு 78 வயது. தோட்டத்துச் சாளையில் தனியாகப் படுத்துக்கொள்கிறார். பழைய பாட்டு என்றால் உயிர். போன் இயக்கத் தெரியாது.

பதில்: சரிகம நிறுவனத்தின் கார்வான் போன்ற பெட்டி வாங்கிக் கொடுங்கள். பெரிய மாடலில் 5,000 தமிழ்ப் பாட்டுகள் உள்ளேயே பதிந்து வருகின்றன. குமிழைத் திருகினால் பாடும். ரேடியோ பழகிய கைக்கு அது போதும். அவருக்குப் பிடித்த பாட்டு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பென் டிரைவில் ஏற்றிச் செருகலாம். இரைச்சலில்லாத தோட்டத்தில் இயர்போன் எதற்கு?

கேள்வி (பொள்ளாச்சி): இருப்பதிலேயே சிறந்த பிளேயர் எது?

பதில்: இருப்பதிலேயே சிறந்த மாடு எது என்று கண்ணபுரம் சந்தையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கறவைக்கா, உழவுக்கா என்று திருப்பிக் கேட்பார்கள்.

கேள்வி (கரூர்): என்னிடமுள்ள 4,000 எம்பி3 பாட்டுகளையும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். ஒலி இப்போது மிகத் தெளிவு. இதற்கேற்ற ஹை-ரெஸ் (உயர்தர ஒலி) பிளேயர் 25,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள்.

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். ஃபிளாக் என்பது கொடுத்த ஒலியில் எதையும் வெட்டாமல் சேமிக்கும் வடிவம், அவ்வளவுதான். எம்பி3 ஆக்கும்போதே காதுக்கு எட்டாது என்று கருதும் பகுதிகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். 128 தரத்தில் பொதுவாக 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. எறிந்தது ஃபிளாக்கில் போட்டால் திரும்பி வராது. கவுந்தப்பாடிச் சந்தைக்கு வந்த நாட்டுச் சர்க்கரையை யாராவது மறுபடி கரும்பாக்கியிருக்கிறார்களா? கோப்புதான் பெருத்திருக்கிறது. சிடியிலிருந்து நேரே எடுத்த ஃபிளாக் என்றால் அது வேறு.

கேள்வி (கோயம்புத்தூர்): உங்கள் பதில் தவறு. நான் இசை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவன். சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக்குக்கும் 320 எம்பி3க்கும் உள்ள வித்தியாசம் காதுள்ளவனுக்குத் தெரியும்.

பதில்: கரூர்க்காரர் கேட்டது அதுவல்ல, இருந்தாலும் வந்துவிட்டீர்கள். ஒரே சிடியிலிருந்து இரண்டையும் எடுங்கள். இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் இனிமையாகத்தான் தோன்றும், பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான். பிறகு வீட்டில் யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை வைக்கச் சொல்லுங்கள். ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்குக் கும்பிடு. ஐந்தாறு என்றால் காசு சுண்டினாலும் அது வரும்.

கரூர்: மகளை வைக்கச் சொல்லிச் செய்து பார்த்தேன். பத்துக்கு ஆறு.

கோயம்புத்தூர்: இயர்போன் மட்டமாக இருந்தால் அப்படித்தான் வரும்.

பதில்: இதில் கோயம்புத்தூர்க்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. பிளேயரை மாற்றுவதால் கேட்கும் வித்தியாசத்தைவிட இயர்போனை மாற்றுவதால் கேட்கும் வித்தியாசம் பல மடங்கு. 5,000 ரூபாய் இருந்தால் பாதிக்கு மேல் காதில் போடுங்கள். அதுவும் காதுத் துளையை இறுக்கமாக மூடும் ரப்பர் முனை பொருந்தாவிட்டால் அடித்தொனி முழுவதும் வெளியே ஒழுகிவிடும். பெட்டியில் மூன்று அளவு முனைகள் தருவது அதற்காகத்தான். நம் ஆட்கள் முதலில் வந்ததை மாட்டிக்கொண்டு, ஒலி சரியில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

பொள்ளாச்சி: என்ன இருந்தாலும் கேசட்டின் இனிமை எதற்கும் வராது.

பதில்: வாழ்நாளெல்லாம் அந்த "உஸ்" சத்தத்தைக் குறைக்கத்தான் ஸ்குரூ டிரைவர் பிடித்தேன். உங்களுக்கு இனிப்பது கேசட் அல்ல, அப்போதைய வயது. இந்த வழக்கை இதோடு முடித்துக்கொள்வோம்.

கேள்வி (பவானி): 1 டெராபைட் மெமரி கார்டு 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: திருச்செங்கோட்டுத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பெருந்துறை): ஐபாட் இன்னும் வாங்கலாமா?

பதில்: 2001இல் வந்தது, 2022இல் ஆப்பிள் நிறுத்திவிட்டது. இப்போது கைமாறுவது பழையதுதான். பேட்டரி மாற்றத் தெரிந்தால் வாங்குங்கள்.

கேள்வி (அந்தியூர்): கிணற்றில் நீந்தும்போது கேட்க புளூடூத் இயர்போன் இருக்கிறதா?

பதில்: புளூடூத் அலை தண்ணீருக்குள் போகாது கண்ணு. பாட்டை உள்ளேயே சேமித்து வைக்கும் நீச்சல் பிளேயர்தான் வேண்டும். ஆனால் கிணற்றுக்கு எதற்கு?

கேள்வி (காங்கேயம்): அப்பாரு பதிந்து வைத்த பதினான்கு கேசட்டுகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கோயிலில் இரவிரவாகப் பாடிய அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை), உடுக்கைச் சத்தத்தோடு. பாடியவர் இப்போது இல்லை. இதைப் பிளேயரில் கேட்க வழி உண்டா?

பதில்: பிளேயர் பேச்சே வேண்டாம், முதலில் கேசட்டைக் காப்பாற்றுவோம். ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். இனி யாரும் தவறி மேலே பதிய முடியாது. ரொம்ப நாள் ஓடாத நாடா சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கும். பாட வைக்கும் முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றுங்கள். கேசட் ஓட்டும் டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். மைக் துளையில் செருகினால் உடுக்கை அடிக்கும்போதெல்லாம் ஒலி உடையும். உடுக்கையின் உச்சச் சத்தத்தை வைத்து அளவைக் குறைத்துக்கொண்டு, வேவ் வடிவத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். 90 நிமிடக் கேசட் ஒன்று ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவாக வரும். பதினான்கும் சேர்ந்து ஒரு சின்னப் பென் டிரைவ். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கைவைக்காதீர்கள். பின்பாட்டும் கூட்டத்தின் முணுமுணுப்பும் அதோடு போய்விடும். மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். அதன் பிறகு எம்பி3 ஆக்கி எந்தப் பிளேயரில் வேண்டுமானாலும் கேளுங்கள். 128 தரமே போதும். கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போட்டு அந்த வரிசையிலேயே ஏற்றுங்கள். மலிவுப் பிளேயர்கள் ஏற்றிய வரிசையில்தான் பாடும், கதை முன்பின்னாகிவிடும்.

1965இல் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் உங்கள் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இதே கதையைப் பதிந்தார். உங்கள் ஊர்ப் பாடகர் அதை எப்படிப் பாடினார் என்பது உங்கள் பதினான்கு கேசட்டில்தான் இருக்கிறது. டெக் இல்லையென்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னிடம் ஓடுகிற டெக் இன்னும் இரண்டு இருக்கின்றன, கூலி வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): முதலில் கேட்டவன்தான் அண்ணா. எனக்குத்தான். ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குத் தினமும் பஸ், போக வர மூன்று மணி நேரம்.

பதில்: இதை அப்போதே சொல்லியிருக்கலாம். உங்களிடம் போன் இருக்கிறது, வழியெல்லாம் சிக்னலும் இருக்கிறது. பிளேயரே வேண்டாம், காதை இறுக்க மூடும் வயர் இயர்போன் ஒன்று 1,000 ரூபாய்க்குள் வாங்குங்கள். பஸ் டிரைவர் போடும் பாட்டு உள்ளே வராது, சத்தத்தைக் கூட்ட வேண்டிய அவசியமும் இருக்காது.