வளைகிற மரத்துக்கு எந்தப் பூச்சு?

பெருந்துறைப் பக்கம் மரவேலை செய்கிறேன். கைவில் செய்யப் பழகுகிறவர்கள் மேல்பூச்சைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். இலக்கைப் பார்க்கிற பக்கம் வில்லின் முதுகு, நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு. கீழே இந்த இரண்டு சொல்லும் அடிக்கடி வரும்.

கோவை: அண்ணா, வீட்டில் கட்டிலுக்கு மெலமைன் அடிக்க வந்த பாலிஷ்காரர் வில்லுக்கும் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். கட்டில் வளையாது, வில் அம்புக்கு அம்பு வளையும். மெலமைன், என்.சி. லாக்கர் என்கிற இன்னொரு மரப் பாலிஷ், இரண்டும் காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். என்னுடைய இரண்டாவது வில்லுக்கு மெலமைன்தான் அடித்தேன், முகம் பார்க்கலாம் போல் இருந்தது. பத்து நாளில் முதுகில் குறுக்காக மயிரிழைக் கீறல்கள். விரிந்தது பூச்சா, அடியில் இருக்கிற மரமா என்று தெரியவில்லை. பூச்சு என்றே நினைத்து இழுத்தேன். மரமும்தான் விரிந்திருக்கிறது! மேல்துண்டு தெறித்துக் கூரைத் தகரத்தில் அடித்தது.

ஈரோடு: அப்புறம் எதைத்தான் பூசுவது?

மூன்று இருக்கின்றன. கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று விற்கிற ஆளிவிதை எண்ணெய் முதலாவது. தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு அடுத்த கை, அதாவது அடுத்த பூச்சு. மரம் உயிரோடு தெரியும், தேய்ந்த இடத்தில் மறுபடி தடவிக்கொள்ளலாம். ஆனால் காற்றின் ஈரம் உள்ளே போவதை அது பெரிதாகத் தடுக்காது. மேலே தேன்மெழுகு தேய்த்தாலும் மழைத்துளிதான் உருண்டோடும், ஈரக்காற்று நிற்காது.

இரண்டாவது அரக்கு, அதாவது ஷெல்லாக். 100 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் 25 கிராம் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தால் ஒரு வில்லுக்குத் தாராளம். துணிப்பொட்டலத்தில் தொட்டு ஐந்தாறு கை இழுத்தால் போதும், அரை மணியில் காய்ந்துவிடும். ஈரக்காற்றை எண்ணெயைவிட நன்றாகத் தடுக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் வெள்ளைத் தடம் விழும். பழைய கரைசலை வைத்துப் பூசாதீர்கள், அது காயவே காயாது.

மூன்றாவது எண்ணெய் கலந்த பாலியூரிதேன் வார்னிஷ். கொஞ்சம் டர்பன்டைன் விட்டு இளக்கி, துணியால் மெல்லிசாக மூன்று நான்கு கை. வெயில் மழையில் எய்கிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். கனமாகப் பூசினால் இதுவும் விரியும். நுனிகளில் பாரம் ஏறினால் அம்பின் வேகமும் குறையும். சாதாரண அரக்கில் மெழுகு இருப்பதால் அதன் மேல் பாலியூரிதேன் பூசினால் உரிந்து வரும். ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள்.

கோபி: எவ்வளவு பூசினாலும் வழவழப்பு வரவில்லை.

வழவழப்பு பூச்சில் வராது தம்பி, உப்புத்தாளில்தான் வரும். 80 நம்பர் தாளில் தொடங்கி 120, 180, 220, 320 என்று ஏறுங்கள். முந்தைய தாளின் கீறல் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். மரத்தின் ஓட்டத்தோடு மட்டும் தேய்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை வில்லோடு படுக்கவைத்து அடித்தால், பகலில் தெரியாத அரத்தின் பல்தடம் கோடு கோடாக எழுந்து நிற்கும். முதுகில் குறுக்கே கிடக்கிற அந்தக் கோட்டில்தான் விரிசல் ஆரம்பிக்கும், அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. விளிம்புகளையும் மழுக்கிவிடுங்கள்.

220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. காய்ந்த பிறகு தொட்டால் மூன்று நாள் தாடி மாதிரி நார் குத்தும். அதை 320-ல் எடுத்துவிட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் பூசாமலே மினுங்கும். கடைசியில் ஒரு கொத்துப் பஞ்சை முதுகில் இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டுகிற இடத்தில் நார் எழுந்திருக்கிறது.

காங்கேயம்: எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதையே பூசினால் என்னங்க?

தலைக்குத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் காய்ந்து படலமாகாது. தூசியைப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும்.

திருப்பூர்: துடைக்க பனியன் வேஸ்ட் போதுமா?

அருமையான துணி. ஆனால் ஆளிவிதை எண்ணெய் நனைந்ததைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடாகும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்குங்கள். ஒரு சாயங்காலம் என் பட்டறையில் டப்பாவுக்குள் இருந்த துணி புகைய ஆரம்பித்தது. வாடை வந்ததால் தப்பித்தேன்.

சத்தியமங்கலம்: மூங்கில் வில்லில் பூச்சு ஒட்டவில்லை. அடியில் வேறு மாவு மாதிரி கொட்டுகிறது.

மூங்கிலின் மேல்தோல் மெழுகுப் பிடிப்புள்ளது. கண்ணாடித் துண்டால் பச்சைத் தோலை மட்டும் லேசாகச் சுரண்டிவிட்டு 220 போடுங்கள். அடுத்த அடுக்கு நாரில்தான் மூங்கிலின் பலமே, அதைத் தொடக்கூடாது. மாவு கொட்டுவது உளு. உள்ளே இருக்கிற பூச்சி மேல்பூச்சால் சாகாது. அடுத்த முறை மூங்கிலைப் பிளந்ததும் வெண்காரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். இந்த வில்லை இனி இழுக்க வேண்டாம்.

பொள்ளாச்சி: ஆடி மாதத்தில் அரக்குப் பூசினேன், பால் மாதிரி வெளுத்துவிட்டது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று செய்த வேலை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. வெயில் அடிக்கிற உச்சிப்பொழுதில் வெறும் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை இழுங்கள், தெளிந்துவிடும். உங்கள் ஊருக்கு நான் பாலியூரிதேன்தான் சொல்வேன்.

தாராபுரம்: பளபளப்பு தெரியாத பூச்சு இருக்கிறதா? இருட்டில் டார்ச் பட்டால் மின்னக்கூடாது.

320 தாளால் கடைசிக் கையை மங்கத் தேய்த்தால் போதும். முயலுக்குத் தெரியாமல் இருக்கத்தானே கேட்கிறீர்கள்? 1972 வன உயிரினச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. வைக்கோல் பொம்மைக்கு டார்ச் எதற்கு?

நாமக்கல்: ஆடி 18-க்குக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறோம். நேற்று எண்ணெய் போட்டேன், இன்னும் பிசுபிசுக்கிறது. வில்லின் ஒரு பக்கக் கை (பிடியிலிருந்து நுனி வரை வளைகிற பாதி) கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கிறது.

பிசுபிசுப்பு, மிச்ச எண்ணெயைத் துடைக்காததால். டர்பன்டைன் தொட்டுத் துடையுங்கள். விறைப்பான கையின் வயிற்றைச் சுரண்டி இரண்டு கையும் ஒரே அளவு வளைகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாகாமல் பூசியதெல்லாம் எப்படியும் சுரண்டலில் போய்விடும். அவசரம் வேண்டாம், ஓரி அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.