நடந்தால் மனசு ஏன் லேசாகிறது? கேள்வி பதில்

காட்பாடியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆம்பூர், ஷூ கம்பெனித் தொழிலாளி: நாள் முழுக்க தையல் மெஷின், டார்கெட் டென்ஷன். வேலையே உடம்பை முறிக்கிறது. இதில் உடற்பயிற்சி வேறயா?

நியாயமான கேள்வி அக்கா. டென்ஷன் வந்ததும் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் விடுகின்றன. நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஓடத் தயாரான உடம்பு, ஓட வழியில்லாமல் மெஷின் முன்னாலேயே கிடக்கிறது. மூச்சு வாங்க நடந்தாலும் இதே ஹார்மோன்கள்தான் ஏறும். ஆனால் நடை முடிந்ததும் இறங்கிவிடும். வாரக்கணக்கில் இப்படி ஏறி இறங்கிப் பழகிய உடம்பு, மற்ற டென்ஷனிலிருந்தும் சீக்கிரம் அடங்கும். வேலைக் களைப்பில் இது கிடைப்பதில்லை, அங்கே இறங்க நேரமே இல்லையே! சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் நடங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஜிம்முக்குப் போனால் சந்தோஷமாக இருப்பது எண்டார்ஃபினாலா?

உடம்பே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபின், பயிற்சியில் ஏறுவது உண்மை தம்பி. ஆனால் ரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. பயிற்சியில் உடம்பிலேயே ஏறும் இன்னொரு பொருள் ஆனந்தமைடு. அது கொழுப்பில் கரைவதால் நுழைந்துவிடும். 1992-ல் கண்டுபிடித்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கத்திரி வெயிலில் நடக்கலாமா?

வெயில் ஏறுவதற்கு முன் கோட்டைப் பக்கம் போய் வந்துவிடுங்கள் ஐயா. சாயங்காலம் வேண்டாம், நம்ம ஊர்ப் பாறை மலைகள் இருட்டிய பிறகும் அனல் விடும்.

குடியாத்தம், இல்லத்தரசி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் நடந்தால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. 1999-ல் வெளியான அமெரிக்க டியூக் பல்கலைக்கழக ஆய்வில், மனச்சோர்வு இருந்த 156 பேர், எல்லோரும் 50 வயதும் அதற்கு மேலும், மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். பயிற்சி, மாத்திரை, இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. அதை வைத்து, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையைத் திடீரென விடக் கூடாது. தலைசுற்றும், தூக்கம் கெடும், பழைய சோர்வும் திரும்பலாம். நடக்கத் தொடங்குங்கள், அளவைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். எழுந்திருக்கவே முடியாத நாளில் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி-மானஸ், அரசின் இலவச உதவி எண். தமிழிலேயே பேசலாம்.