பிராட்பேண்ட் பிளான் முடிந்ததும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் போதுமா, தனியாக ரத்து செய்ய வேண்டுமா?

போதாது. தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

ஒரு வருட பிளான் அடுத்த மாதம் முடிகிறது, வேறு வாடகை வீட்டுக்குப் போகிறேன், அங்கே வேறு கம்பெனி இணைப்பு இருக்கிறது, பழையதை அப்படியே விட்டால் தானாக ரத்தாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ரவுட்டர் கம்பெனி கொடுத்ததாகத்தான் இருக்கும், அதற்கு டெபாசிட்டும் கட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முழுக்க ப்ரீபெய்ட், ரவுட்டரும் உங்கள் காசில் வாங்கியது என்றால் பெரிய தொல்லை வராது. தேதி முடிந்ததும் நெட் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டியதால் மட்டும் அது ப்ரீபெய்ட் ஆகிவிடாது. போஸ்ட்பெய்ட் கணக்கிலேயே ஒரு வருட வாடகையை முன்பணமாக வாங்கிக்கொள்வது உண்டு. அதில் வருடம் முடிந்ததும் மாத வாடகைக்கு மாறி பில் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பில்லை எடுத்து எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

எனக்கு இது நடந்தது சென்னை மடிப்பாக்கத்தில் குடியிருந்தபோது. கம்பெனி பெயர் வேண்டாம், யாரையும் இழுக்க நான் எழுதவில்லை. பிளான் முடிய இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து ரத்து செய்யச் சொன்னேன். ரத்து என்ற சொல்லைக் கேட்டதும் அழைப்பை வேறு ஒருவருக்கு மாற்றினார்கள். அவர் வேலையே போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவது. "ஒரு மாசம் ஃப்ரீயா தர்றோம் மேடம்", "ஸ்பீடை டபுள் பண்றோம் மேடம்", "புது வீட்டுக்கு ஷிஃப்ட் பண்ணித் தர்றோம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் "ரிக்வெஸ்ட் போட்டாச்சு, ரவுட்டர் எடுக்க ஆள் வருவாங்க" என்றார். கோரிக்கை எண் கேட்டேன். மெசேஜில் வரும் என்றார். வரவில்லை.

அதனால் அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். வாடிக்கையாளர் எண், எந்தத் தேதியோடு இணைப்பை மூட வேண்டும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண், டெபாசிட் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் எழுதினேன். ரவுட்டரைத் திருப்பிப் போட்டு எடுத்த படத்தையும் இணைத்தேன். புகார் எண்ணோடு ஒரு தானியங்கிப் பதில் வந்தது. பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த எண்தான்.

பிளான் முடிந்த அன்று நெட் நின்றது. ரவுட்டரில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. மூடிவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்பு விளக்குக்கு ஃபைபரில் ஒளி வரவில்லை என்பது மட்டுமே அர்த்தம். கம்பியை எங்காவது எலி கடித்தாலும் அதே விளக்கு எரியும். கணக்கு மூடப்பட்டதற்கு அது சாட்சி இல்லை. அடுத்த மாதம் பில் வந்தது. அதற்கடுத்த மாதம் தாமதக் கட்டணத்தோடு வந்தது. ரவுட்டர் எடுக்க ஆளும் வரவில்லை.

கடைசியில் நான் பலமுறை கேட்ட பிறகு ஒரு தம்பி வந்தார். தோளில் கறுப்பு ஃபைபர் கம்பிச் சுருள், முகமெல்லாம் வியர்வை. பச்சை முனை வைத்த மெல்லிய வயரை ரவுட்டரிலிருந்து கழற்றி, அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கரை போனில் படம் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு ஏன் தம்பி இவ்வளவு நாள் என்று கேட்டேன். "புது கனெக்‌ஷன் போட்டா காசு வரும்க்கா. பாக்ஸ் எடுத்துட்டுப் போனா பெட்ரோல் காசுகூட வராது. அதான் யாரும் இந்த டிக்கெட்ட எடுக்க மாட்டாங்க" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ரசீது புத்தகம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, சீரியல் எண், 'ரவுட்டர், அடாப்டர் பெற்றுக்கொண்டேன்' என்று நானே எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதற்குப் பிறகுதான் அந்த போன் வந்தது, எனக்கு அல்ல, கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு. விண்ணப்பத்தில் மாற்று எண்ணாக அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். வசூல் ஏஜென்சியிலிருந்து யாரோ ஒருவன் "உங்க பொண்ணு பணம் கட்டாம வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, கேஸ் போட்டா அலைய வேண்டியிருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. மளிகைக் கடையில்கூட கடன் சொல்லி வாங்காதவர். இரவு எனக்கு போன் செய்து, "பணம் முடையா இருந்தா சொல்லும்மா, நான் அனுப்புறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கட்ட வேண்டியதே இல்லாத காசுக்கு ஒரு வயதான அம்மாவை மிரட்டுவது என்ன வியாபாரம்?

இத்தனை சின்னத் தொகைக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா, கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று சிலர் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்தவர்களே சொன்னார்கள். கட்டிவிடலாம் என்று எல்லோரும் நினைப்பதால்தான் இது நடக்கிறது. அதோடு, ஒருமுறை கட்டிவிட்டால் அந்த மாதம் நீங்கள் சேவையைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்ட மாதிரி பேசுவார்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் விதிகளைத் தேடிப் படித்தேன். 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சேவைத் தர விதிகளின்படி, இணைப்பை மூடச் சொல்லிக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். மூடிய பிறகு 45 நாட்களுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும். புகார் கொடுத்தால் புகார் எண் தர வேண்டும் என்பது 2012 விதிகளிலேயே இருக்கிறது. புகாருக்குச் சரியான பதில் வராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். அவருக்கு 30 நாட்களுக்குள் எழுத வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரி கம்பெனியின் வலைத்தளத்திலேயே இருக்கும், அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் தேட வேண்டியிருக்கும். நேராக டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை.

மேல்முறையீட்டில் என் பழைய மின்னஞ்சல், புகார் எண், அந்தத் தம்பி கையெழுத்திட்ட தாள் மூன்றையும் இணைத்தேன். அம்மாவுக்கு வந்த போனையும் நேரத்தோடு குறிப்பிட்டேன். பில்கள் ரத்தாயின, டெபாசிட் வந்தது, அம்மாவுக்கு மறுபடி போன் வரவில்லை. அம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அங்கேயும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் எடுக்காது என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்த்துவிட்டது, தாராளமாகப் போகலாம். சேவைக்கு நீங்கள் கட்டிய பணம் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

வீடு மாறுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் கம்பி நுழைந்த ஓட்டைக்காக என் பழைய வீட்டு ஓனர் அட்வான்ஸில் பிடித்தார். பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை வேறு. நான் குடிவரும்போதும் அந்த வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் கிடையாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. சென்னையில் எத்தனை வீட்டில் அந்த அளவோடு நிறுத்துகிறார்கள்? எல்லா ஓனர்களையும் சொல்லவில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காலி செய்து போகிறவரிடம் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் விட வேண்டும் என்ற புத்தி பிராட்பேண்ட் கம்பெனியிலும் இருக்கிறது, ஓனரிடமும் இருக்கிறது. கம்பியைக் கழற்றியதும் சுவரைப் படம் எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வேலையாக, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேயை நிறுத்துங்கள். யுபிஐ செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். கார்டு என்றால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த மெசேஜைத் தவறவிடாதீர்கள். இணைப்போடு லேண்ட்லைன் எண் வந்திருந்தால், அதை எந்த வங்கியிலாவது, எல்ஐசி பாலிசியிலாவது கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கைபேசி எண் மாதிரி அதை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது, இணைப்போடு போய்விடும். பழைய பில்களையெல்லாம் பி.டி.எஃப். ஆக இறக்கி வையுங்கள், கணக்கு மூடியதும் செயலிக்குள் நுழைய முடியாமல் போகலாம். போனில் என்ன சொன்னாலும் சொல்லட்டும், நீங்கள் இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். ஆள் வராவிட்டால் ரவுட்டரைக் கம்பெனியின் கடையிலேயே கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள், சீரியல் எண் போட்ட ரசீது இல்லாமல் மட்டும் கைமாற்றாதீர்கள். கணக்கு மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வரும்வரை இணைப்புக்குக் கொடுத்த கைபேசி எண்ணையும் மாற்றாதீர்கள்.