லேப்டாப்பை மூடியதும் சர்வரில் ஓடும் வேலை ஏன் நிற்கிறது?

கேள்வி: லினக்ஸ் சர்வர் ஒன்றில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளை தர உதவும் இணைப்பு) வழியாக நுழைந்து, பல மணி நேரம் ஓடும் பைத்தான் நிரலை இரவில் தொடங்கி வைக்கிறேன். கட்டளையின் கடைசியில் & போடுகிறேன். லேப்டாப்பை மூடிவிட்டுக் காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கிறது. மாதக் கட்டணம் கட்டினால் நிற்காமல் ஓட வைப்பதாக ஒருவர் சொல்லி, ரூட் (சர்வரில் எதையும் செய்யக்கூடிய முழு நிர்வாகி) கடவுச்சொல் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவது இரண்டு நிமிட வேலை. அதற்கு ரூட் உரிமை பெரும்பாலும் தேவையே இல்லை.

& போட்டால் வேலை பின்னணிக்குப் போகும், அவ்வளவுதான். நீங்கள் நுழைந்த ஷெல்லோடு, அதாவது உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலோடு, அதற்குள்ள கட்டு அறுவதில்லை. தொடர்பு துண்டித்துப் போனதும் ஷெல்லுக்கு ‘இணைப்பு போய்விட்டது’ என்று சொல்லும் சிக்ஹப் என்ற சிக்னல் வரும். ஷெல் தான் சாவதற்கு முன் தன் வேலைகளுக்கெல்லாம் அதையே அனுப்பிவிடும். அதை வாங்கும் வேலை வழக்கமாக நின்றுவிடும். ஆனால் ‘எக்ஸிட்’ அடித்து முறையாக வெளியேறினால் பாஷ் ஷெல் வழக்கமாக இப்படிச் செய்யாது. சில நாள் வேலை பிழைப்பதும் சில நாள் சாவதும் இதனால்தான். இதைப் பார்த்துவிட்டு ‘சர்வரே சரியில்லை’ என்று சொல்லித்தான் உங்களிடம் கட்டணம் கேட்கிறார்கள்.

டீமக்ஸைப் பயன்படுத்துங்கள். இணைப்பு போனாலும் உங்கள் திரையைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் நிரல் அது. சர்வருக்குள் நுழைந்த பிறகு ‘டீமக்ஸ்’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். புதிதாகத் திறக்கும் திரையில் நிரலை & இல்லாமலே ஓட விடுங்கள். கன்ட்ரோல்-பி அழுத்திவிட்டு, கையை எடுத்து டி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். பிறகு லேப்டாப்பை மூடுங்கள். காலையில் மறுபடி நுழைந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ என்றால் விட்ட இடத்திலேயே திரை நிற்கும். டீமக்ஸைத் தொடங்க வேண்டியது சர்வரில். லேப்டாப்பில் தொடங்கிவிட்டு அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போகிறவர்கள் ஏராளம். அதில் ஒரு பயனும் இல்லை. டீமக்ஸ் இல்லாத சர்வரில், அதே வேலையைச் செய்யும் ‘ஸ்கிரீன்’ என்ற நிரல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கட்டளைக்கு முன்னால், சிக்ஹப்பைப் பொருட்படுத்தாமல் ஓட வைக்கும் ‘நோஹப்’ சேர்த்து, கடைசியில் & போடுங்கள்.

அந்த நபரிடம் வருவோம். ரூட் கிடைத்தவர், கடவுச்சொல் இல்லாமலே நுழையவிடும் சாவிகளை வைத்திருக்கும் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்பில் தன் சாவியை ஒரே வரியாகச் சேர்த்துவிட்டுப் போகலாம். பிறகு நீங்கள் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அவர் சாவி வேலை செய்யும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் அட்டவணையில் ஒன்றைச் செருகலாம், புதுப் பயனர் கணக்கு திறக்கலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இவற்றையெல்லாம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தரவை மட்டும் எடுத்துக்கொண்டு சர்வரைப் புதிதாக நிறுவுங்கள். ‘கீப் அலைவ்’ அமைத்துத் தருகிறேன் என்பவர்களையும் நம்பவேண்டாம். சும்மா இருக்கும் இணைப்பு அறுந்துபோகாமல் அது காக்கும். தூங்கும் லேப்டாப்பை எழுப்பாது.

டீமக்ஸுக்குள் ஓடியும் வேலை சாகிறதா? லினக்ஸில் வேலைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி காரணமாக இருக்கலாம். 2016இல் வந்த அதன் 230ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லா வேலைகளையும் கொன்றுவிடுவதை இயல்பு அமைப்பாக்கினார்கள். பல பத்தாண்டுகளாகச் சரியாக நடந்துகொண்டிருந்ததை ஏன் கெடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் அதை அணைத்தே தருகின்றன. ஆனால் சில நிர்வாகிகள் ‘கில் யூசர் பிராசசஸ்’ என்ற அந்த அமைப்பை ‘யெஸ்’ (ஆம்) என்று மாற்றிவிட்டு, பயனர்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அங்கே நோஹப்பும் காப்பாற்றாது. சிக்ஹப்பைத்தான் நோஹப் தடுக்கும். சிஸ்டம்டியோ அந்த நுழைவின்கீழ் உள்ள எல்லாவற்றையும் மொத்தமாகக் கொல்கிறது. சோதிப்பது எளிது: டீமக்ஸில் ‘ஸ்லீப் 1000’ ஓட விட்டு, கன்ட்ரோல்-பி, டி அழுத்தி வெளியே வந்து, சர்வரோடு உள்ள எல்லா இணைப்புகளையும் முடித்துவிட்டு, சற்று நேரம் கழித்து நுழைந்து, ஓடும் டீமக்ஸ் திரைகளைப் பட்டியலிடும் ‘டீமக்ஸ் எல்எஸ்’ அடியுங்கள். காணவில்லை என்றால், வெளியேறிய பிறகும் உங்கள் வேலைகள் தொடர அனுமதிக்கும் ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ கொடுத்து, அடுத்து டீமக்ஸை ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் டீமக்ஸ்’ என்று தொடங்க வேண்டும். முதல் கட்டளைக்கு அனுமதி மறுத்தால் நிர்வாகியிடம் கேளுங்கள். அவர் முணுமுணுப்பார், கேட்டே ஆகவேண்டும்.

நோஹப் வழியில் போகிறவர்களுக்கு ஒன்று. நிரல் அச்சிடுவது திரைக்குப் பதில் கோப்புக்குப் போகும்போது பைத்தான் அதை உடனே எழுதாமல் சேர்த்து வைக்கும். கோப்பு காலியாக இருப்பதைப் பார்த்து, நன்றாக ஓடும் வேலையைக் கொன்றுவிடாதீர்கள். பைத்தானுக்குப் பின் ‘-யூ’ சேர்த்தால் வரிகள் உடனுக்குடன் விழும்.

இப்போதே ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தால், கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்தி, பின்னணியில் தொடர வைக்கும் ‘பிஜி’ அடித்து, பிறகு ஷெல்லின் பட்டியலிலிருந்து அதை நீக்கும் ‘டிஸ்ஓன்’ அடியுங்கள். ஷெல் அதன்பின் அதற்கு சிக்னல் அனுப்பாது. ஆனால் திரையில் எதையாவது அச்சிடும் நிரல் என்றால், திரை போனபின் அச்சிடும் முதல் வரியிலேயே பிழை வந்து நிற்கக்கூடும். பாதிக்கு மேல் ஓடியாயிற்று என்றால் மட்டும் இதை முயலுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு டீமக்ஸில் முதலிலிருந்து தொடங்குவதே மேல்.