யூதர்களின் வாராந்தர தோரா வாசிப்பில் இன்றைய விசுவாசிக்கு என்ன இருக்கிறது?

கேட்டவர் கிறிஸ்தவர் என்று தெரிகிறது. மனதுக்கு ஆறுதல் தரும் வசனத்தை நாமே தேடி வாசிக்கலாமே, தோராவை, அதாவது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களை, இந்த வாரம் இந்தப் பகுதிதான் என்று வரிசை வைத்து வாசிப்பதில் கூடுதலாக என்ன கிடைத்துவிடும் என்பது அவருடைய கேள்வி.

நானும் கிறிஸ்தவன்தான். வருடப் பிறப்பு ஆராதனையில் தட்டிலிருந்து அந்த வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, நல்ல வசனமாக வர வேண்டுமே என்று கை நடுங்கியவன். அந்தத் தட்டில் தொழுநோயும் சாபமும் இருக்காது. யாரோ முன்பே பொறுக்கி ஒதுக்கியிருப்பார்கள்.

அப்புறம் இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில், எண்பது தாண்டிய ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மூன்று வருடம் இருந்தேன். வீட்டில் எல்லோரையும் போல நானும் அவரை 'சபா' என்றே கூப்பிட்டேன். எபிரேயத்தில் தாத்தா. வெள்ளிக்கிழமை மதியம் குளித்து முடித்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாரத்துப் பகுதியை, அதாவது பராஷாவை, எடுப்பார். மூலத்தை இரண்டு தரம், அரமேய மொழிபெயர்ப்பை ஒரு தரம் வாசிப்பார். யூதர்களின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதிலேயே சொல்லியிருக்கும் பழக்கம் அது. பக்கத்தின் அடியில் ராஷியின் உரை இருக்கும். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்தவர். குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, தோராவுக்கு ராஷி அப்படி. அவர் சொல்வதோடு ஒத்துப்போகலாம், சண்டை போடலாம், பார்க்காமல் மட்டும் போக முடியாது.

சனிக்கிழமை காலை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜெப ஆலயம் போவோம். தோல் சுருளில் கையால் எழுதிய எழுத்து. உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது. எல்லாவற்றையும் ராகத்தோடு மனதில் ஏற்றிக்கொண்டு வந்துதான் வாசிக்க வேண்டும். சுருளை விரலால் தொடாமல் ஒரு வெள்ளிக் கோலால் வரியைக் காட்டுவார்கள், அதன் நுனியில் சுட்டுவிரல் நீட்டிய குட்டிக் கை ஒன்று இருக்கும். ஒரு தடவை வாசித்தவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டார். நாலா பக்கத்திலிருந்தும் சரியான சொல்லைச் சத்தமாகச் சொன்னார்கள், தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த சபா உட்பட. வாசித்தவர் முகம் சுளிக்காமல் திரும்பிப் போய் அதை வாசித்தார். எங்கள் சபையில் லேவியராகமத்தில் ஒரு வசனத்தையே விட்டுவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

ஐந்து ஆகமங்களும் மொத்தம் 54 பகுதிகள். சிம்ஹாத் தோரா பண்டிகையன்று மோசே இறக்கும் உபாகமக் கடைசியை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகளை ஆரம்பித்துவிடுவார்கள். இடையில் எதையும் தாண்டுவதில்லை. லேவியராகமத்தின் கடைசிப் பகுதியில் சாபங்கள் வரும்போது குரலைத் தாழ்த்தி வேகமாக வாசிப்பார்கள். ஆனாலும் வாசிப்பார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

2020 ஏப்ரல் 25. கொரோனாவால் ஜெப ஆலயத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்த வாரத்துப் பகுதி லேவியராகமம் 12 முதல் 15 வரை. நான் ஒவ்வொரு வருடமும் பைபிளை முழுதாக வாசிக்கத் தொடங்கி நின்றுபோகும் அதே இடம். தோலில் தடிப்பு உள்ளவனை ஏழு நாள் அடைத்துவைக்க வேண்டும், குஷ்டரோகி பாளயத்துக்குப் புறம்பே தனியாக இருக்க வேண்டும். சபா மகளைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. 14ஆம் அதிகாரத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இங்கே பார், ஆசாரியன்தான் பாளயத்துக்கு வெளியே போய் அவனைப் பார்க்கிறான்" என்றார். நானும் என் தமிழ் பைபிளைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் மகள் வந்து தெருவில் நின்று கையசைத்தாள். (இதைத் தீர்க்கதரிசனம் என்று வீடியோ போட்டுவிடாதீர்கள். அந்தப் பகுதி எல்லா வருடமும் கிட்டத்தட்ட அந்தப் பருவத்தில்தான் வரும்.)

ஊருக்குத் திரும்பிய பிறகும் தமிழ் பைபிளை வைத்துக்கொண்டு அதே வரிசையில் வாசிக்கிறேன். யூதர்கள் வாசிக்கிற மாதிரி என்று சொல்ல மாட்டேன், அதற்கு அந்தச் சபையும் உரைகளும் வேண்டும். அம்மா போனது ஒரு நவம்பரில். அந்த வாரத்துப் பகுதிக்கு 'சாராளின் ஜீவன்' என்று பெயர், ஆனால் தொடக்கமே 127 வயதில் அவள் இறப்பதுதான். தேசம் முழுவதையும் தருவதாகக் கடவுள் வாக்குக் கொடுத்த ஆபிரகாம், மனைவியைப் புதைக்க ஆறடி இடமில்லாமல் அந்த ஊர்க்காரர்களான ஏத்தின் புத்திரர் முன்னால் குனிந்து நிற்கிறார். நிலத்தைச் சும்மா தருகிறேன் என்கிறான் அவர்களில் ஒருவனான எப்பெரோன். அடுத்த பேச்சிலேயே விலையையும் காதில் போட்டுவிடுகிறான். 400 சேக்கல் வெள்ளி. ஆபிரகாம் பேரம் பேசாமல் நிறுத்துக் கொடுக்கிறார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் நான் கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் பணத்தைக் கட்டி ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த அதிகாரத்தில் கடவுள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆறுதலுக்கு நானாக ஒரு வசனம் தேடியிருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

தொடங்க நினைத்தால் அடுத்த சிம்ஹாத் தோரா வரை காத்திருக்க வேண்டாம். நான் இரண்டு வாரம் பின்தங்கி, விட்டதை எல்லாம் சேர்த்து வாசிக்கப் பார்த்தபோது சபா புத்தகத்தை வாங்கி அந்த வாரத்துப் பக்கத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "அது அடுத்த வருடம் திரும்ப வரும். இதை வாசி."